உதகைக் கல்லறைகளும் உயிர்த்தெழுதல் நம்பிக்கையும்

உதகை புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1831-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, அதாவது இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் நாளில், அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. வெள்ளையர் உடல்நலம் தேடி ஏறிவந்த மலை இது என்றாலும், ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம் அகால மரணங்களையும் தாங்கி நிற்கிறது. நகரை உருவாக்கிய ஆட்சியர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1838-இல் மனைவியை இழந்த சல்லிவன், 1841-இல் மலையை விட்டே போய்விட்டார்.

இத்தகைய இழப்புக்குக் கிறிஸ்தவம் தரும் விடை உயிர்த்தெழுதல்: ஆன்மா மட்டும் நிலைத்திருப்பதன்று, இறுதி நாளில் கடவுள் மனிதரை உடலோடு முழுமையாக எழுப்புவார் என்னும் நம்பிக்கை. நம்பிக்கை ஒன்றுதான், அதனிடம் கேட்கப்படும் கேள்வியோ வயதுக்கு வயது வேறு. ஹங்கேரியக் குழந்தைகள் 378 பேரிடம் மரியா நாகி நடத்தி 1948-இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோர் சாவை உறக்கமாகவோ பயணமாகவோ கருதுவதையும், ஏறத்தாழ ஒன்பது வயதில்தான் அது எவருக்கும் நேரக்கூடியது, மீளாதது என்று தெளிவதையும் காட்டியது. பிந்தைய ஆய்வுகள் இத்தெளிவு இன்னும் முன்னரே வருவதாகக் கூறுகின்றன. பாட்டி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று பெரியவர்கள் பேசக் கேட்கும் நான்கு வயதுப் பிள்ளை, அவர் எப்போது எழுந்து வருவார் என்று காத்திருப்பதில் வியப்பில்லை. பாட்டியின் உடல் இனி மூச்சு விடாது, அதற்குப் பசிக்காது, குளிராது என்று முதலில் நேராகச் சொல்லிவிட்டு, பிறகு கடவுளின் வாக்குறுதியைச் சொல்வது விசுவாசக் குறைவு ஆகாது.

திருமுழுக்குக்கு முன்பே, அதாவது ஞானஸ்நானம் பெறாமலே, இறந்த சிசுவின் தாய்க்கு ஆறுதல் சொல்லக் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் தடுமாறியது. துன்பமும் இல்லாத, கடவுளைக் காணும் பேறும் இல்லாத ‘லிம்போ’ என்னும் நிலையில் அச்சிசுக்கள் இருப்பதாக இறையியலாளர் கற்பித்தனர். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அச்சிசுக்களுக்குத் திருச்சபை அடக்கத்தையே மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் இசைவோடு அடக்கச் சடங்கு நடத்த வழிவிட்டது. 2007-இல் வெளிவந்த பன்னாட்டு இறையியல் ஆணையத்தின் அறிக்கை, அச்சிசுக்கள் மீட்படைவார்கள் என நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், பெற்ற அன்றே பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இதைப் பங்குக்குரு தாமே போய்ச் சொல்ல வேண்டும். அறிக்கை அவளைத் தேடிப் போகாது.

முதியோரின் கேள்வி பெரும்பாலும் துணையைப் பற்றியது: இறந்துபோன தம் மனிதரோடு மறுபடி சேர்வோமா? நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களுள் கிறிஸ்தவரும் உண்டு. அவர்களுடைய தாய் தகப்பன் கல்லறைகளோ கடலுக்கு அப்பால், கண்டிச் சீமையில் இருக்கின்றன. அவர்களுக்கு உயிர்த்தெழுதல் என்பது, சாவை வெல்வதற்கும் முன்பாக, பாஸ்போர்ட்டும் ஒப்பந்தமும் பிரித்துவைத்த குடும்பம் மறுபடி ஒன்றுசேர்வது.