வீட்டுப் பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் பொறி

மரவேலைப் பட்டறையில் தரையில் குவியும் சீவல்களைப் பெருக்கி அகற்றிவிடலாம். பெருங்கேடு விளைப்பது, உப்புத்தாளால் தேய்க்கையில் எழுந்து நெடுநேரம் காற்றில் மிதக்கும் நுண்தூளேயாகும். பத்து மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மூச்சோடு மார்பினுள் சென்றுவிடுகின்றன. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியுள்ளது.

ஆகவே பொறி வாங்குவோர், விற்பனையாளர் பெருமையுடன் கூறும் குதிரைசக்தியை விட வடிகட்டியையே முதலில் நோக்குதல் வேண்டும். மலிவான பொறிகள் சிலவற்றின் துணிப்பை 30 மைக்ரான் துகளையே தடுக்கவல்லது. அதனினும் நுண்ணிய தூளை அது மூக்கின் உயரத்தில் மீண்டும் தூவிவிடும். துடைப்பமே இதனினும் மேல் எனலாம்.

கைத்தேய்ப்புப் பொறிக்கும் சிறு ரம்பத்துக்கும், ஹெப்பா வடிகட்டி பொருத்திய பட்டறை வாக்குவம் கிளீனர் போதும். இவ்வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும். பொறிக்கு முன்னதாக, காற்றைச் சுழலச் செய்யும் கூம்புடைய மூடிய வாளி ஒன்றை இணைப்பின் பெருந்தூள் அதிலேயே தங்கிவிடும். வடிகட்டியும் விரைவில் அடைபடாது. மின் இழைப்புப் பொறிக்கோ இது போதாது. அதன் மிகுதியான சீவலை இழுக்க அகன்ற குழாயும் பெருங் காற்றோட்டமும் தேவை; 100 மில்லிமீட்டர் குழாய் பெரும்பாலும் பொருந்தும். குழாயை இயன்றவரை குறுக்கி அமைத்தல் நன்று.

அண்டை வீட்டாருக்கு இடையூறின்றிக் காற்றை வெளியே போக்க இயலுமாயின், விலை மிக்க வடிகட்டியின் செலவு மிச்சமாகும். எவ்வாறாயினும் தூசிப்பையைக் காலிசெய்வோர் முகமூடி அணிதல் இன்றியமையாதது.