பனையுச்சியில் கத்தியும் கருக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பனையைக் கற்பகதரு என்று போற்றாதார் இல்லை. அதன் பயன்களைப் பெருக்கவெனப் பனை அபிவிருத்திச் சபையும் 1978ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. ஆயினும், அக்கற்பகத்தின் உச்சியில் தொழில் செய்பவருக்கு நேரும் இடர்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

கருப்பநீருக்கும் கள்ளுக்கும் பாளை சீவுபவர் காலையும் மாலையும் மரமேற வேண்டும். 60 அடி உயரமான 10 மரங்களில் இருவேளையும் ஏறினால், அவர் ஒரு நாளில் ஏறும் உயரம் 1,200 அடி. அவ்வளவும் இறங்கவும் வேண்டும். பாதங்களைப் பிணைக்கும் தளநாரும் மரத்தைத் தழுவும் கைகளுமே துணை.

உச்சியிலோ நிலைமை வேறு. அதுவரை மரத்தைத் தழுவிய கைகளுள் ஒன்று பாளையைப் பற்ற வேண்டும். மற்றது கத்தியைப் பிடிக்க வேண்டும். மட்டைகளின் இருமருங்கும் வாளின் பற்களைப் போன்ற கருக்கு நிற்கிறது. காவோலை களைந்து, நிற்கும் மட்டைகளின் கருக்கையும் சீவி நீக்காவிடில், கத்தி தவறாதபோதும் மரமே அறுத்துவிடும். மரமேறும் பொறிகள் வந்துள்ளன என்பது உண்மையே. ஆனால் அவை தண்டோடு நின்றுவிடுகின்றன.

கூரிய கத்தியே ஆபத்தானது என்று பலர் எண்ணுவர். உண்மையில் மழுங்கிய கத்தியே அதிகம் அஞ்சத்தக்கது. அதனை வலிந்து இழுக்க வேண்டும், இழுத்த கை சட்டென விடுபட்டு அப்பாற் செல்லும், உடலும் நிலைபெயரும். தச்சரின் கைவாளுக்கும் இவ்விதி பொருந்தும். தரையில் விரற்காயத்தோடு முடிவது, உச்சியில் வீழ்ச்சியாக முடியும். கத்தியை வெறுமனே இடுப்பிற் செருகாது, இயனக்கூட்டில் இட்டுக் கட்டுவதும் இதுபற்றியே.

வீழ்ந்தவரைக் கண்டதும் அயலவர் ஓடிவந்து கைகால்களைப் பற்றித் தூக்குவதும், நிமிர்த்தி இருத்தித் தண்ணீர் பருக்குவதும், முச்சக்கரவண்டியில் மடித்துக் கிடத்துவதும் இரக்கத்தால் விளையும் தீங்குகள். முள்ளந்தண்டு முறிந்திருந்தால், அசைவினால் என்புத்துண்டு உள்ளிருக்கும் முண்ணாணை நசுக்கக்கூடும். பின்னர் நடக்கக்கூடியவராய் இருந்தவர் கால்கள் செயலற்றுக் கிடக்க நேரலாம்.

ஆகவே அவரை வீழ்ந்த இடத்திலேயே கிடக்கவிட்டு, ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாது பிடித்துக்கொள்ளல் வேண்டும். குருதி பெருகும் காயத்தைத் தூய துணியால் அழுத்துக. சத்திரசிகிச்சை தேவைப்படலாமாதலின் உணவோ நீரோ கொடுத்தல் ஆகாது. வட மாகாணத்திற்கு 2018இல் விரிவாக்கப்பட்ட இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. அது வருமுன் அகற்றியே தீரவேண்டுமாயின், பலர் சேர்ந்து, தலையும் உடலும் ஒரே நேராக இருக்குமாறு அகன்ற பலகையொன்றில் ஏற்றுதல் வேண்டும்.