பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும்?

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் மின்சாரம் இல்லாமலே வாழ்ந்தார்கள். பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1990 ஒக்டோபர் 30இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் தங்கிய யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும் இருட்டு புதிதல்ல.

இன்று மின்சாரம் உண்டு. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூச்சு நோயாளி உள்ள வீட்டில் அது வெறும் இருட்டல்ல.

சகோதரிகளே, அரிசி அளந்து உலை வைக்கும் உங்களுக்கு இந்தக் கணக்குக் கடினமல்ல. இயந்திரத்தில் எழுதியுள்ள வோற்றை, அது ஓடும் மணித்தியாலத்தால் பெருக்குங்கள். 100 வோற் நெபுலைசர் நாளுக்கு மூன்று தடவை, பத்து நிமிடம் வீதம் ஓடினால் 50 வோற் மணி. தூக்கத்தில் மூச்சு அடைப்பவருக்கு வைக்கும் சீபாப் கருவி 40 வோற்தான்; ஆனால் இரவு 8 மணித்தியாலம் ஓடினால் 320. ஒட்சிசன் இயந்திரம் 350 வோற் என்றால் 4 மணித்தியாலத்துக்கு 1400.

இனிப் பற்றரியைப் பாருங்கள். 12 வோல்ற், 100 அம்பியர் மணி என்றால் பெருக்கினால் 1200 வோற் மணி. ஆனால் ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அது விரைவில் பழுதாகும். மிஞ்சிய 600இலும் இன்வேர்ட்டர் கொஞ்சம் தின்றுவிடும். கைக்கு வருவது சுமார் 500.

அந்த 500இல் நெபுலைசர் பத்து நாள் ஓடும். சீபாப் ஓர் இரவைத் தாண்டும். ஒட்சிசன் இயந்திரமோ ஒன்றரை மணித்தியாலம்கூட நிற்காது. ஆகவே ஒட்சிசனில் இருக்கும் நோயாளிக்குப் பற்றரியை மட்டும் நம்பாதீர்கள். வைத்தியரிடம் கேட்டு நிரப்பிய சிலிண்டர் ஒன்றை வைத்திருங்கள்.

சீபாப்பின் நீர் சூடாக்கும் பகுதியை நிறுத்தலாமா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள். மின்சாரம் நிறைய மிச்சமாகும். கார் பற்றரி வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கே ஏற்றது. நீண்ட நேர ஓட்டத்துக்கென்றே செய்த பற்றரியை வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது எரியும் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக வையுங்கள்.

பற்றரி பழசாகப் பழசாகத் தாங்கும் நேரமும் குறையும். எனவே மின்சாரம் இருக்கும் ஒரு பகற்பொழுதில் இயந்திரத்தைப் பற்றரியில் ஓடவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்து, கிடைத்த நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கரண்ட் போன இரவில் யார் வீட்டில் இருந்தாலும் அதைப் பார்த்து நடந்துகொள்ளலாம்.