பதினேழாம் நாள்

டீ ஆறட்டும், அவசரமில்லை. சத்தியவேட்டில் ஒரு சாவு என்றால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வாசலில் பந்தல் விழும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். ஊத்துக்கோட்டையிலிருந்தும் தடாவிலிருந்தும் சொந்தம் பஸ் பிடித்து வந்து இறங்கும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போக, நாம் ஆந்திராவுக்கு வந்தோம். அந்த எல்லைக்கோடு எதை எதையோ மாற்றியது, சாவுக்கு வருகிறவர்களை மட்டும் நிறுத்தவில்லை.

வந்தவர்கள் செய்யும் காரியத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: துக்கம் விசாரிப்பது. தெலுங்கில் பராமர்ச என்பார்கள். ஆறுதல் சொல்வதை விட, கேட்பதுதான் இரண்டு சொல்லிலும் முன்னால் நிற்கிறது. "எப்படிம்மா ஆச்சு?" என்கிறார் வந்தவர். "காலையில நல்லாத்தான் இருந்தாரு, டீ கூடக் குடிச்சாரு" என்று கணவரைப் பறிகொடுத்த அம்மா தொடங்குகிறார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. நாற்பதாவது தடவையும் அதே டீ. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கே மனப்பாடமாகிவிடும்.

இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட வேண்டாம். காய்ந்த மண்ணில் ஒரே வாளியாகத் தண்ணீரைக் கொட்டினால் மேலேயே ஓடிவிடும். சொம்பு சொம்பாக ஊற்றினால்தான் இறங்கும். அவர் போய்விட்டார் என்ற சேதியும் அப்படித்தான். நாற்பது முறை வாயால் சொல்லும்போது, அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது.

பதினாறாம் நாள் கருமாதி. அதோடு பாத்திரம் வாடகைக் கடைக்குத் திரும்பிவிடும். பதினேழாம் நாள் வாசலில் ஒரு செருப்பும் இல்லை. அன்றைக்குத்தான் அந்த அம்மா, கை பழக்கத்தில், அவருக்கும் சேர்த்து அரிசி களைந்துவிட்டுத் திகைத்து நிற்பார்.

நாம் எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தில்தான். துக்கம் மாடிப்படி மாதிரி, ஒவ்வொரு படியாக இறங்கி ஒருநாள் தரைக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். படித்தவர்கள் இதற்கு 'ஐந்து கட்டங்கள்' என்று கணக்கு வேறு சொல்வார்கள். 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் எழுதியது அது. ஆனால் அவர் அப்போது பேசியது, தாங்களே சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளிடம். பின்னால்தான் அது உயிரோடிருப்பவர்களின் துக்கத்துக்கும் அட்டவணையாக ஒட்டிக்கொண்டது.

மாடிப்படியை விட்டுவிட்டு, நம் கிணற்று ஏற்றத்தை நினைப்போம். சால் உள்ளே இறங்கும், மேலே வரும், மறுபடி இறங்கும். 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள்: மனசு ஒருநேரம் இழப்புக்குள் இறங்குகிறது, ஒருநேரம் மேலே வந்து கரண்ட் பில், பிள்ளை படிப்பு என்று பார்க்கிறது. இந்த இறக்கமும் ஏற்றமும்தான் சமாளிப்பது. ஒரு மாதத்தில் சீரியல் பார்த்துச் சிரித்தால் "அதுக்குள்ள பாரு" என்கிறோம்; தலைத்திவசம் தாண்டி அழுதால் "இன்னுமா?" என்கிறோம். இரண்டுமே மாடிப்படிக் கணக்கு.

அப்படியானால், பதினேழாம் நாளுக்கு மேல் யார் போய்க் கேட்பது? டாக்டர்தான் வேண்டும் என்றில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சென்னை 'சினேகா' அமைப்பின் தன்னார்வலர்கள், உறவுகளைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்களைத் தேடிப் போனார்கள். கேட்பதற்குப் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். அப்படி யாரும் போகாத இன்னொரு பகுதியோடு பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவர்கள் போன இடத்தில் மனச்சோர்வு குறைந்திருந்தது.

சிலருக்கு இது போதாது என்பதும் உண்மை. சால் இறங்கியது இறங்கியபடியே கிடக்கும். ஆறு மாதம் தாண்டியும் சாப்பாடு, வேலை, பேச்சு எதுவும் ஓடாது. உலக சுகாதார நிறுவனம் இதை 'நீடித்த துக்கம்' என்று நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. அப்போது மனநல மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இலவசம், மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஸ்கூலில் தெலுங்கு படித்து, வீட்டில் தமிழில் அழுகிற நம்மூர்க்காரர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. செத்துவிடலாம் என்ற பேச்சு காதில் விழுந்தால், ஆறு மாதமெல்லாம் எண்ண வேண்டாம், அன்றைக்கே.

மருத்துவர் தேவைப்படாத மற்றவர்கள் வீட்டுக்கு நாம் போகலாம். "எதுன்னாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை, யாரும் சொல்லமாட்டார்கள். பேங்க் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கூடப் போகலாம், ரேஷன் கார்டில் பெயர் எடுக்கும் வரிசையில் நிற்கலாம். "எப்படி இருக்கீங்க?" என்றால் "இருக்கேன்" என்று பேச்சு முடிந்துவிடும். போனவர் டீக்கு எவ்வளவு சர்க்கரை போடுவார் என்று கேட்டுப் பாருங்கள். "அரை ஸ்பூன்தான், ஆனா ஒளிச்சு இன்னொண்ணு போட்டுக்குவாரு" என்று ஆரம்பித்தால், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள்.