அண்டத்திற்குப் புறம்பே நின்று காணுதல்

நாம் வாழும் இவ்வண்டத்தை அதற்கு வெளியே நின்று ஒருவன் காண்பானாகில் அது எவ்வாறு தோன்றும்? இவ்வினாவை இந்நாளில் இளைஞர் பலர் எழுப்புகின்றனர். அண்டத்திற்கு எல்லையும், எல்லைக்கு அப்பால் ஒரு நிலையும் உண்டென்று புராணம் கூறுகிறது. ப்ரபஞ்சத்திற்கு வெளிப்புறம் என்று ஒன்று இருந்தே தீரவேண்டும் என்னும் நியமமில்லை என்று தற்கால வானியலார் கூறுகின்றனர். இவை ஒன்றையொன்று மறுப்பன அல்லவா என்பது அவர்களது ஐயம். இதனை ஸ்ரீவிஷ்ணு புராணத்தையும், பிள்ளை லோகாசார்யரின் ஸ்ரீஸூக்திகளையும் துணையாகக் கொண்டு ஆராய்வோம்.

ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் இரண்டாம் அம்சத்தில் பராசர மஹர்ஷி, ஐம்பது கோடி யோஜனை விரிவுடைய பூமண்டலத்தையும் மேலுலகங்களையும் கீழுலகங்களையும் வர்ணித்த பின், இவை யாவும் அண்டகடாஹம் என்னும் ஓட்டினால் நாற்புறமும் மேலும் கீழும் சூழப்பட்டுள்ளன என்கிறார். அதற்கு அவர் காட்டும் த்ருஷ்டாந்தம் விளாம்பழம். ஓட்டினுள் விதை அடங்கிக் கிடப்பதுபோல் பதினான்கு உலகங்களும் அடங்கிக் கிடக்கின்றன. ஓட்டுக்கு வெளியே நீர், நெருப்பு, காற்று, ஆகாசம், அஹங்காரம், மஹத் என்னும் ஆவரணங்கள் ஒன்றுக்கொன்று பத்து மடங்காகச் சூழ்கின்றன. ஆறாவதான மஹத்துக்கு வருமளவில் அது பத்து லக்ஷம் மடங்காகிறது. ஏழாவதான ப்ரக்ருதிக்கோ கணக்கே இல்லை என்று மஹர்ஷி முடிக்கிறார்.

இக்கணக்கினால் தேறுவது யாதெனில், புறம்பே நிற்பவனுக்கு மலையும் கடலும் நக்ஷத்ர மண்டலமும் புலப்படா. அவன் காண்பது உறைகளை மட்டுமே. மதுரைச் சந்தையில் விளாம்பழம் வாங்குவோர் அதனை அசைத்துப் பார்த்தும், கீழே போட்டுப் பார்த்துமே உள்ளே பழுத்ததா என்று அறிகின்றனர். ஓட்டைக் கண்டவன் பழத்தைக் கண்டவன் ஆகான். ஆகவே புறத்தோற்றத்தைச் சொல்லும் இவ்வுவமையே புறத்தோற்றத்தின் குறைவையும் உணர்த்தி நிற்கிறது.

பிள்ளை லோகாசார்யர் தத்த்வத்ரயத்தில் அசித் தத்த்வத்தை விளக்குமிடத்தில் வேறிரண்டு உவமைகளை அருளிச்செய்கிறார். இத்தகைய அண்டங்கள் அநேகம். அவை ஈச்வரனுக்கு விளையாட்டுப் பந்தின் ஸ்தாநத்தில் உள்ளன. நீர்க்குமிழிகளைப் போல ஏககாலத்தில் ஸ்ருஷ்டிக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. மழைநாளில் வைகைப் பெருக்கைக் கண்டவர்க்குக் குமிழியின் இயல்பு தெரியும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று அவை பிறப்பதில்லை; எங்கும் ஒருசேரப் பிறக்கின்றன, தனக்கென ஒரு நிலைபேறின்றி மறைகின்றன. பந்து என்னும் உவமையோ அண்டத்தின் அளவைக் கூறவந்ததன்று; அதனைக் கையாள்பவனது பெருமையைக் கூறவந்தது. விளங்கனி, பந்து, குமிழி ஆகிய மூன்றும் நம் கைக்கு அடங்கும் பொருள்கள் என்பதை நோக்குக. நமக்கு அளவிறந்தது எம்பெருமானுக்கு இத்தனை சிறியது என்பதே மூன்றுக்கும் பொதுவான தாத்பர்யம்.

இனி வானியலாரின் கூற்றைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு ஐரோப்பிய விண்வெளி முகமை, பிளாங்க் என்னும் விண்கலம் அளந்த பழம்பெரும் ஒளியின் படத்தை வெளியிட்டது. அது முட்டை வடிவினதாக இருந்தமையால், ப்ரஹ்மாண்டத்தையே வெளியிலிருந்து படம் பிடித்துவிட்டனர் என்று நம்மவரில் சிலர் மகிழ்ந்ததுண்டு. அது பொருந்தாது. உருண்டையான பூமியைத் தாளில் விரித்து வரைவதுபோல, நம்மைச் சுற்றியுள்ள வானம் முழுவதையும் விரித்து வரைந்ததால் வந்த வடிவம் அது. முற்றிலும் உள்ளிருந்து கண்ட காட்சியே அன்றி வெளியிலிருந்து கண்டதன்று. ப்ரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் என்றும், காணத்தக்க பகுதியின் குறுக்களவு ஏறக்குறைய 9,300 கோடி ஒளியாண்டுகள் என்றும் அவர்கள் கணித்ததும் உள்ளிருந்தே. நம் ஸித்தாந்தத்தை நிலைநாட்ட அப்படத்தைச் சான்றாகக் காட்டுவது நமக்கும் அழகன்று, அவர்களுக்கும் நீதியன்று.

ஐயத்தின் முடிச்சு ‘புறம்பு’ என்னும் சொல்லில் உள்ளது. அண்டத்திற்குப் புறம்பு என்பது வேறு, ப்ரஹ்மத்திற்குப் புறம்பு என்பது வேறு. அண்டங்கள் பல ஆகையால் ஓர் அண்டத்திற்குப் புறம்பு உண்டு. ஆனால் அவ்வாவரணங்களும், அவற்றிற்கு மேற்பட்ட ப்ரக்ருதியும், நித்யவிபூதியும் எம்பெருமானுக்குச் சரீரமாய் அவனாலே தரிக்கப்படுகின்றன. அவனுக்குப் புறம்பே நின்று அனைத்தையும் காண்பதற்கு ஒருவர்க்கும் இடமில்லை. முழுமைக்கு வெளிப்புறம் இல்லை என்று கூறுவாரோடு இவ்வளவில் நமக்கு விரோதமில்லை. அவர்கள் பேசுவது அளவைக்கு உட்பட்ட உலகைப் பற்றி. நாம் பேசுவது உலகைத் தரிப்பவனைப் பற்றி.

அப்படியாயின் அண்டத்தைக் கடப்பவர் யார்? முக்தாத்மா. பிள்ளை லோகாசார்யரின் அர்ச்சிராதி என்னும் ரஹஸ்யம் அவ்வழிப் பயணத்தை விரிக்கிறது. அண்டகடாஹத்தைப் பேதித்து, ஆவரணங்களைக் கடந்து, விரஜையில் நீராடி ஸூக்ஷ்ம சரீரத்தைக் களைகிறான். அப்பயணத்தின் ப்ரயோஜநம் கடந்துவந்த அண்டத்தைக் காண்பதன்று, எதிரே நிற்கும் பரமபத நாதனைக் காண்பது. யசோதைப் பிராட்டியோ இவ்வுலகிலிருந்தபடியே பிள்ளையின் திருவாயினுள் வையம் ஏழையும் கண்டாள் என்று பெரியாழ்வார் அநுபவிக்கிறார். அவ்வாயினுள் ஆய்ப்பாடியையும் தன்னையும்கூட அவள் கண்டதாக ஸ்ரீபாகவதம் கூறும். வெளியே நின்று கண்டவள் உள்ளேயும் இருந்தாள். நம்மாழ்வார் பெரிய திருவந்தாதியில் இன்னும் ஒருபடி மேலே சென்று, உலகனைத்தும் உன்னுள்ளே, நீயோ என்னுள்ளே, இருவரில் பெரியவர் யார் என்று எம்பெருமானையே கேட்கிறார். உள், வெளி என்னும் பாகுபாடு அங்கே தோற்றுப்போகிறது.

இவ்விசாரம் வெறும் அறிவின் விளையாட்டாக முடியாமைக்கு ஒரு காரணம் நம் மதுரைக்கு அருகிலேயே உண்டு. 1323ஆம் ஆண்டளவில் திருவரங்கத்திற்கு நேர்ந்த படையெடுப்பின்போது, முதுமையுற்ற பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கி வந்தார். யானைமலைச் சாரலிலுள்ள ஜ்யோதிஷ்குடியில், இந்நாளில் கொடிக்குளம் என்று வழங்கும் ஊரில், திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவரது பொருள்கள் அழியாதபடி, மதுரை அரசியலில் அமர்ந்திருந்த திருமலையாழ்வாரைத் திருத்தி, அவரைத் திருவாய்மொழிப் பிள்ளையாக நாம் பெறும்படி செய்தவர் கூரகுலோத்தம தாஸர் முதலானோர். அவரது சிஷ்யரான மணவாள மாமுனிகளே தத்த்வத்ரயத்திற்கு வ்யாக்யாநம் அருளினார்.

அண்டகோடிகள் எவனுக்குப் பந்தோ, அவனைக் காட்டுவழியில் மறைத்துக் காக்க வேண்டும் என்று கலங்கியவர், அந்தப் பந்தின் உவமையை எழுதியவரே! இது முரண் அன்று. அறிவு மேலிட்ட நிலையில் அவன் காப்பவன், நாம் காக்கப்படுவோர் என்னும் முறை நிலைநிற்கும். ப்ரேமம் மேலிட்ட நிலையில் அது மாறிவிடும் என்று ஸ்ரீவசந பூஷணத்தில் அவரே அருளிச்செய்திருக்கிறார். அதற்கு முதல் உதாஹரணமும் மதுரையே. பாண்டியன் ஸபையில் பரத்வத்தை நிர்ணயித்துப் பொற்கிழி பெற்று, யானைமேல் வந்த பெரியாழ்வார், கருடாரூடனாய் வானில் தோன்றிய கூடலழகரைக் கண்டவுடன், காலம் நடையாடும் இந்நிலத்தில் இவனுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சித் திருப்பல்லாண்டு பாடினார். பரத்வத்தை நிறுவிய நாளிலேயே அவர்க்கு அவ்வச்சம் பிறந்தது.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் கூறத்தக்கது இது. அண்டத்தைப் புறம்பே நின்று பார்ப்பதாக எண்ணிப் பார்ப்பது குற்றமன்று. சாஸ்த்ரமே அதற்கு விளங்கனியையும் பந்தையும் குமிழியையும் கையில் தருகிறது. அவ்வெண்ணம் எம்பெருமானின் பெருமையை உணர்த்துமளவும் உதவும். அங்கேயே நின்றுவிட்டால் அவன் எட்டாதவனாகவே முடிவான். அத்தனை பெரியவன் நம் கண்ணுக்கு இலக்காக வந்து நிற்கிறானே என்று நெஞ்சு பதறும்போதுதான் பல்லாண்டு பிறக்கும்.