தூரம் ஒன்று, நேரம் பல

2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு சான்பிரான்சிஸ்கோவில் ஏர்-இந்தியா விமானம் ஏறியவர்கள் பெங்களூரில் இறங்கியது 11-ந் தேதி, திங்கள் அதிகாலை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஆகாயத்திலேயே விடிந்தது. உண்மையில் பறந்தது சுமார் 17 மணி நேரம்தான். மீதியை விழுங்கியது இரு நகரங்களுக்கும் இடையே உள்ள பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். இரு நகரங்களையும் எங்கும் நிற்காமல் இணைத்த முதல் பயணம் அது. கேப்டன் சோயா அகர்வால் உட்பட விமானத்தை ஓட்டிய நால்வரும் பெண்கள்.

தொண்ணூறுகளில் கலிபோர்னியா புறப்பட்ட பெங்களூர் பொறியாளர் முதலில் பம்பாய்க்கோ சென்னைக்கோ போக வேண்டும். பிறகு ஐரோப்பாவிலோ கிழக்காசியாவிலோ விமானம் மாற வேண்டும். அவர் சமாளித்துவிடுவார். மகளின் பிரசவத்துக்குத் தனியாகப் போகும் மல்லேஸ்வரத்து அம்மாவுக்கு அந்த மாறுதல்தான் பயம். நிற்காத விமானத்தின் அருமை அவருக்குத் தெரியும்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தை நம்பி இந்தத் தூரத்தை அளக்க முடியாது. உருண்டையான பூகோளத்தில் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே ஏறி சைபீரியா வழியாக வளைந்து வருகிறது. நீளம் ஏறத்தாழ 14,000 கி.மீ. ஆனால் வடதுருவத்தின் மேல் பறந்து வந்த அந்த முதல் விமானத்தின் பாதை சுமார் 16,000 கி.மீ. என்று சொல்லப்பட்டது.

குறுக்கு வழி இருக்க இப்படிச் சுற்றுவது காற்றுக்காக. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் 'ஜெட்' காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். அதை எதிர்த்து எரிபொருளைக் கரைப்பதைவிட விலகிப் போவது லாபம். பெங்களூரிலிருந்து போகிறவர்களுக்கோ அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. பயணம் ஒரு மணி நேரம் போலக் குறையும். மதியம் கிளம்பியவர் அதே தேதி மாலையில் அங்கே இறங்கினார். தூக்கம் மட்டும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது.

காற்றிடமாவது விலகிப் போகலாம். அரசாங்கங்களிடம்? இதே தடத்தில் பறக்கப் போவதாக அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 2020-ல் அறிவித்திருந்தது. உக்ரைன் போரையடுத்து 2022-ல் அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. அந்தப் பேச்சும் அடங்கிப்போனது. இந்திய விமானங்களுக்கு அந்தத் தடை இல்லாததால் ஏர்-இந்தியாவுக்கு யோகம் அடித்தது.

யோகம் நீடிக்கவில்லை. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. சுற்றுப்பாதைக்கு டாங்க்கில் உள்ள எரிபொருள் போதவில்லை. அந்த ஆண்டில் பெங்களூர்-சான்பிரான்சிஸ்கோ விமானம் கல்கத்தாவில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு மீண்டும் ஏற வேண்டியதாயிற்று.