இரண்டெழுத்து வெட்டு

எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி முழுவதும் ஏறத்தாழ 9,700 எழுத்துகள்தான். நம் செல் ஒன்றுக்குள் இருப்பதோ சுமார் 600 கோடி. இத்தனை சிறிய கிருமி அத்தனை பெரிய தொகுப்புக்குள் நுழைந்து ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புதான்.

கிருமி ஆர்.என்.ஏ. வடிவில் வருகிறது. செல்லுக்குள் வந்ததும் அதன் நொதி ஒன்று அதை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. வேறு கிருமிகளில் இப்படி நடக்குமென்று 1970இல் விஞ்ஞானிகள் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே காட்டியபோது உயிரியலே திகைத்தது. ஆனால் படியெடுத்தால் மட்டும் போதாது, செல்லின் டி.என்.ஏ.வோடு சேராத படி பலிக்காமல் போய்விடும். சேர்த்துவைப்பது இன்டெகிரேஸ் என்ற இன்னொரு நொதி.

ஒட்டு மாங்கன்று கட்டுகிறவர் முதலில் ஒட்டுக்குச்சியின் அடியைச் சீவுவார். இன்டெகிரேஸும் அப்படித்தான். கிருமி டி.என்.ஏ.வின் இரு முனைகளிலும் ஓர் இழை சி, ஏ, ஜி, டி என்ற எழுத்துகளோடு முடியும். அதில் கடைசி ஜி, டி இரண்டை மட்டும் நறுக்கிவிடுகிறது. அவ்வளவுதான் வெட்டு! வெளிப்பட்ட 'ஏ' முனைதான் நம் டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. ஐந்தெழுத்து இடைவெளியில் நம் இரு இழைகளும் அறுபடுகின்றன. அறுபடும் அதே நொடியில் கிருமியின் முனைகள் அங்கே இணைந்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் இடைவெளியை அடைத்துக் கொடுப்பது, பாவம், நம் செல்லின் சொந்தப் பழுதுபார்க்கும் நொதிகளே. இனி அந்தச் செல் பிரியும்போதெல்லாம் கிருமியும் சேர்ந்தே படியெடுக்கப்படும்.

இன்டெகிரேஸின் மையத்தில் இரண்டு மெக்னீசிய அயனிகள் உண்டு. டோலுடெக்ராவிர் மருந்து அவற்றைப் பற்றிக்கொண்டு, சீவிய முனையை விலக்கிவிடுகிறது. வெட்டு நடந்தாலும் ஒட்டு நடக்காது.

1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது கையில் மருந்தே இல்லை. இன்று ஏரல் போன்ற சிற்றூரில் இருக்கும் ஒருவர் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில், டோலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரையை இலவசமாகவே வாங்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை எந்த மாத்திரையும் பிரித்தெடுக்காது. அதனால்தான் ஒருநாளும் விடாமல் சாப்பிடச் சொல்கிறார்கள். தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அருகிலுள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அல்லது 1097 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள்.